இடது பக்கப் பொக்கற்

உருத்திரபுரத்தில் கௌசலாவுக்கு முன்னால் போய் நிற்க ஆட்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சுகம் கேட்பார்கள். கௌசலாவும் கேட்பாள்தான், ஆனால் அவளுடைய கண் உங்கள் அக்குளுக்குக் கீழே நிற்கும். கையும் உடம்பும் சேருகிற இடத்தில் நாலு தையலும் எப்படிச் சந்திக்கின்றன என்று பார்த்து முடித்த பிறகுதான் நீங்கள் சொன்ன பதில் அவள் காதில் ஏறும். ஒருமுறை கோயிலில் பூசை நடக்கும்போது முன்னால் நின்றவரின் முதுகுத் தையலைக் குனிந்து பார்க்கப் போய், அவர் திரும்பி முறைத்த கதையும் உண்டு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அறிய வேண்டும் என்ற வருத்தம், அவ்வளவுதான். அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

அந்த வருத்தம் பிறவியில் வந்ததல்ல, கார்மென்ட்ஸில் வந்தது. ஒன்பது வருடம் விடியப் பஸ் ஏறிப் பொழுதுபட இறங்கி அவள் தைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: ஆண்களின் சேட்டில் இடது நெஞ்சில் வரும் பொக்கற். சேட்டின் இடது முன்பாகம் கட்டுக் கட்டாக ஒரு பக்கத்தால் வரும். அதில் பொக்கற்றை வைப்பாள், மெசினை ஓட்டுவாள், மேல் மூலை இரண்டிலும் இறுக்கமாகத் திருப்பித் தைப்பாள், மற்றப் பக்கத்தால் தள்ளிவிடுவாள். தள்ளியது எங்கே போனது, அதற்குக் கையை யார் பூட்டியது, கொலரை யார் பிடித்தது, ஒன்றும் தெரியாது. எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். இவ்வளவு வருடத்தில் ஒரு முழுச் சேட்டை அவள் அங்கே கண்டது வாசலில் தொங்கிய படத்தில்தான்.

பிறகு ஒரு நாள் அவள் இருந்த லைனை மூடிவிட்டார்கள். கையில் வந்த காசுக்குக் கிளிநொச்சியில் ஒரு பழைய தையல் மெசின் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஊருக்கு வேறு என்ன வேண்டும்? ஒன்பது வருடம் கார்மென்ட்ஸில் இருந்தவள், நல்ல தையல்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பின்வீட்டுப் பத்மாசனி அக்கா முதல் ஆளாக வந்து, ஒரு சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். கௌசலாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. துணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு கிழமையாகப் பத்மாசனி அக்காவைக் கண்டால் மறுபக்கத்து ஒழுங்கையால் போய்வந்தாள்.

கடைசியில் அவரே படலையைத் திறந்துகொண்டு வந்தார். "உள்ளதைச் சொல்லு கௌசலா. துணியைப் பழுதாக்கிப் போட்டியோ?"

"இல்லையக்கா, வெட்டவேயில்லை. எனக்குப் பொக்கற் மட்டும்தான் தைக்கத் தெரியும்."

பத்மாசனி அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் போட்டிருக்கிற இந்தச் சட்டைக்கு ஒரு பொக்கற் போட்டுத் தா. வயலுக்கை போனை வைக்க இடமில்லாமல் இடுப்புக்கை செருகிக்கொண்டு திரியிறன்."

வேறு ஆள் என்றால் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். பத்மாசனி அக்காவும் சொல்லித்தான் திரிந்தார். ஆனால் புதுப் பொக்கற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டு சொன்னார். அடுத்த மாதம் வயலுக்குப் போகிற பெண்கள் எல்லோருடைய சட்டையிலும் ஒரு பொக்கற் இருந்தது. எல்லாம் இடது பக்கம்.

வருமானம் அப்படி ஓடினாலும் கௌசலாவின் மனம் ஆறவில்லை. ஒரு நாள் புருஷன் குகதாசன் உழவு மெசினோடு வயலுக்குப் போன பிறகு, அவனுடைய கோடுபோட்ட சேட் ஒன்றை எடுத்துப் பிளேட்டால் தையல் தையலாகப் பிரித்துப் பாயில் பரப்பினாள். இரண்டு கையும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. கொலர் ஒரே துணி என்று நினைத்திருந்தாள். அதற்குள் வேறொரு விறைத்த துணி ஒளித்திருந்தது. ஒன்பது வருடம் வாசல் படத்தில் பார்த்த சேட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

மத்தியானம் குகதாசன் சாப்பிட வந்தான். "என்ரை கோடுபோட்ட சேட் எங்கையப்பா?"

"உதுதான்."

"எது?"

"பாயிலை கிடக்கிறது முழுக்க உதுதான். பயப்பிடாதேங்கோ, ஒண்டும் குறையேல்லை."

அன்று பின்னேரமே திரும்பப் பொருத்தினாள். பொருத்தியதில் வலக்கை இடப்பக்கமும் இடக்கை வலப்பக்கமும் ஏறிவிட்டன. குகதாசன் போட்டுப் பார்த்தான். கையை முன்னால் நீட்டினால் சேட் பின்னால் இழுத்தது. "பின்னாலை ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். ஆனாலும் அதையே ஒரு கிழமை போட்டுக்கொண்டு உழவுக்குப் போனான். அவளுக்காகப் போட்டானா, வேறு சேட் காயவில்லை என்று போட்டானா, தெரியாது.

அதற்குப் பிறகு ஊரில் பழசு என்று ஒதுக்கியதெல்லாம் அவளிடம் வந்தது. வெளிநாட்டுப் பார்சலில் வந்து அளவு சரிவராமல் கிடந்த உடுப்புகள், நிறம் போன காற்சட்டைகள், தைத்து மிஞ்சிய துண்டுகள். பிரித்துப் பார்ப்பாள், திரும்பச் சேர்ப்பாள். சேர்க்கும்போது அது வேறொன்றாகிவிடும். தகப்பனின் காற்சட்டை மகனுக்குக் காற்சட்டையாகும், இரண்டு சேலை முந்தானை சேர்ந்து ஒரு பாவாடையாகும், ஜீன்ஸ் கால் பள்ளிக்கூடப் பையாகும். ஒவ்வொரு உடுப்பும் கண்காணாத ஒரு தையல்காரியின் வேலை. "இதைத் தைச்சவவுக்கு அண்டைக்கு வீட்டிலை ஏதோ அவசரம்" என்று நூலைப் பார்த்துச் சொல்லுவாள். ஆனால் புதுத் துணியில் கத்தரிக்கோலை வைக்க அவளுக்கு இன்றுவரை பயம். ஒருவர் தைத்ததைப் பிரித்தால் வழி தெரியும். புதுத் துணியில் எந்த வழியும் இல்லை.

பிரிக்கப் பிரிக்க ஒரு விஷயம் அவளைக் குடைந்தது. ஆண்களின் சேட்டில் தெறிகள், அதாவது பொத்தான்கள், வலப்பக்கம் இருக்கின்றன, ஓட்டைகள் இடப்பக்கம். பெண்களுக்குத் தைத்த சேட்டில் அப்படியே மாறி, தெறிகள் இடப்பக்கம். ஏன்? பத்மாசனி அக்காவைக் கேட்டாள், தெரியாது. பள்ளிக்கூட ரீச்சரைக் கேட்டாள், அவர் அன்றைக்குத்தான் குனிந்து தன்னுடையதைப் பார்த்தார். குகதாசன் மட்டும் விடை சொன்னான். "ஆம்பிளையும் பொம்பிளையும் எதிரெதிரா நிண்டு பாக்கேக்கை ஒரே பக்கமாத் தெரியட்டும் எண்டு வைச்சிருப்பினம்." அவள் அதை நம்பவில்லை. கேள்வியை மட்டும் எடுத்து மனதில் ஒரு மூலையில் வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், போன ஆவணியில், விஜிதரன் ஒரு பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்தான். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். கடைசி யுத்தத்தில் வலக்கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அப்போது இருபத்தொரு வயது. இடக்கையால் அரிசி மூட்டை இறக்குவான், கணக்கு எழுதுவான், சைக்கிள் ஓடுவான். கடையில் எந்த நாளும் ரீசேட்தான்.

"அக்கா, நீங்கள் சேட்டுகளைப் பிரிச்சுப் பாக்கிறனீங்களாம்."

"ஓம் தம்பி. பழுதாக்கிறதும் உண்டு. முதலே சொல்லிப்போட்டன்."

அவன் பையைக் கவிழ்த்தான். அஞ்சு சேட். கனடாவில் இருக்கும் மாமன் அனுப்பியவை, எல்லாம் மடிப்புக் கலையாதவை. "எனக்கு வாற வெள்ளிக்குக் கலியாண எழுத்து. பொம்பிளை அக்கராயனிலை, சுதாஜினி எண்டு. சேட் போட்டால் அம்மாதான் எனக்குத் தெறி பூட்டிவிடுறவா. பதினைஞ்சு வரியமா அவாதான்." கொஞ்ச நேரம் சைக்கிள் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டு நின்றான். "கலியாணம் கட்டி அடுத்த நாள் விடியவே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, வந்து எனக்குத் தெறி பூட்டிவிடு எண்டு கேக்க எனக்கு மனமில்லையக்கா. அவா பூட்டிவிடுவா. சந்தோசமாப் பூட்டிவிடுவா. எண்டாலும் எழுத்தண்டைக்கு நானே உடுத்துக்கொண்டு போய் அவவுக்கு முன்னாலை இருக்க வேணும்."

கௌசலாவின் அந்தப் பழைய வருத்தம் தலையைத் தூக்கியது. "எங்கை தம்பி, ஒருக்கால் பூட்டிக் காட்டு" என்றாள். வேறு யாரும் அவனிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் சிரித்துவிட்டுப் பூட்டிக் காட்டினான். ஒரு தெறிக்கு ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கலாம். இரண்டாவது தெறி ஓட்டைக்குள் போக, முதலாவது கழன்றது.

அவன் போன பிறகு அவள் தன் வலக்கையை ஒரு துண்டுத் துணியால் இடுப்போடு கட்டிக்கொண்டு குகதாசனின் சேட்டைப் போட்டுப் பார்த்தாள். அன்று மத்தியானம் முழுக்க அதே வேலை. குசினியில் சோறு அடிப்பிடித்தது. சேட்டின் தெறி வலப்பக்கம் ஒளித்து நின்றது. இடக்கை அதைத் தேடிப்போய், வளைத்துப் பிடித்து, இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. இடக்கை மணிக்கட்டில் இருக்கிற தெறியோ அதைவிட மோசம். இடக்கையை இடக்கையாலேயே எப்படிப் பூட்டுவது? கடவுளே வந்தாலும் முடியாது. அப்போதுதான் மூலையில் வைத்த கேள்வி ஞாபகம் வந்தது. பத்மாசனி அக்காவின் தங்கச்சி லண்டனில் இருந்து அனுப்பிய நீலச் சேட் ஒன்று அலுமாரியில் கிடந்தது. பெரிய அளவு, நல்ல துணி, பெண்களுக்குத் தைத்தது. கட்டிய கையோடே அதைப் போட்டாள். தெறி இடப்பக்கம் இருந்தது. இடக்கைப் பெருவிரலுக்கு அது தானாக வந்து ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. கடைசித் தெறிவரை பூட்டிவிட்டு, அடிப்பிடித்த சோற்றுக்கு முன்னால் நின்று தனியே சிரித்தாள்.

வழி கிடைத்தது. அதைச் சொல்லுவதுதான் பிரச்சினை. சொல்லாமல் தைத்துக் கொடுக்கலாம். ஆனால் சபையில் நாலு பேருக்குக் கண் இருக்கும். பின்னேரம் கடைக்குப் போய், ஆட்கள் போகும்வரை பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள். "தம்பி, இது பொம்பிளையளின்ரை சேட். தெறி மற்றப் பக்கம். ஆரும் பாத்தால் பகிடி பண்ணுவினம். வேண்டாமெண்டால் சொல்லு, வேறை வழி பாப்பம்."

விஜிதரன் நீலத் துணியைத் தடவிப் பார்த்தான். "ஆம்பிளைச் சேட்டோடை பதினைஞ்சு வரியம் மல்லுக்கட்டினனான் அக்கா. ஒருத்தரும் வந்து விலக்குப் பிடிக்கேல்லை. பகிடி பண்ணுறவை வந்து பூட்டிவிடட்டும். தையுங்கோ."

கௌசலா பிரித்தாள். நீலச் சேட்டின் முன்பாகங்களையும் முதுகையும் எடுத்து ஆண்களின் அளவுக்கு ஒடுக்கினாள். மாமனின் வெள்ளைச் சேட்டில் இருந்து கொலரும் இடக்கையும் வந்தன. மணிக்கட்டுத் தெறியை நிரந்தரமாகப் பூட்டித் தைத்து, உள்ளே பழைய பாவாடை ஒன்றின் இலாஸ்ரிக்கைச் செருகினாள். கையை நுழைத்தால் விரிந்து கொடுக்கும், பிறகு தானாக இறுகும். வலக்கையை அவனுடைய கை முடிகிற அளவில் வெட்டி வட்டமாக மூடினாள். அந்த இடத்துத் தோல் மெல்லியது என்று அவன் சொல்லியிருந்ததால் தையலின் தடிப்பை வெளிப்பக்கம் விட்டு, உள்ளே மழுமழுவென்று வரச் செய்தாள். சேட்டின் வெறும் கையை மடித்து ஊசி குத்த இனித் தேவையில்லை. கழுத்துத் தெறிதான் எல்லாவற்றிலும் கள்ளன். கொலரைத் திருப்பி வைத்து அதையும் இடப்பக்கம் கொண்டுவந்தாள். அதன் ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்து, மெழுகு பூசிய நூலால் ஓரம் கட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு பூட்டிப் பார்த்தாள். ஒரு தள்ளுக்கே போனது.

எல்லாம் முடிந்த பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு பாயாசம் குடிப்பதுபோல, பொக்கற்றுக்கு வந்தாள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணியில் ஒரு பொக்கற். கை தானாக ஓடியது. கோடு பிசகவில்லை, மூலை பிசகவில்லை.

வியாழக்கிழமை காலை விஜிதரன் வந்து அறைக்குள் போனான். கௌசலா வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபோது கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றான். நீலத்தில் வெள்ளைக் கொலர், கடையில் வாங்கினாலும் கிடைக்காத சேட். அவன் முகத்தைப் பார்த்து அவள் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு எழுத்துக்கு அடையாள அட்டை கேப்பினம்" என்று சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பொக்கற்றுக்குள் வைக்கப் போனான்.

கை போகவில்லை. இடது நெஞ்சில் இருக்கிற பொக்கற்றுக்குள் இடக்கையை மடக்கி விடப் பார்த்தான். முழங்கை மேலே எழும்பியது, மணிக்கட்டு முறுகியது, சேட் ஒரு பக்கம் இழுபட்டது. அட்டை வழுகி நிலத்தில் விழுந்தது.

இருவரும் அட்டையைப் பார்த்தார்கள். இடது நெஞ்சுப் பொக்கற் வலக்கைக்காரனுக்குத்தான். தெறியைப் பார்த்தவள், மணிக்கட்டைப் பார்த்தவள், கழுத்து ஓட்டையைக்கூடப் பெருப்பித்தவள், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றே ஒன்றில் கோட்டை விட்டாள். தெரியாததையெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தெரிந்ததை மட்டும் அவள் கேட்கவில்லை.

"பரவாயில்லை அக்கா, காற்சட்டைக்குள்ளை வைக்கிறன்" என்றான் விஜிதரன்.

"கழட்டு சேட்டை" என்றாள் கௌசலா. அவளுக்குத் தன்மேல் அவ்வளவு கோபம்.

ஒன்பது வருடம் தைத்த பொக்கற் ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்தாள். ஊசி குத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணி தொட்டு நகத்தால் தேய்க்கத் தேய்க்கத் துணி மெல்ல மூடிக்கொண்டது. பிறகு வலப்பக்கத்தில் வைத்தாள். துணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. ஒரு கோடு பிசகியது, பிரித்தாள். திரும்பவும் பிசகியது, பிரித்தாள். பொழுது சாயும்போது வலது நெஞ்சில் ஒரு பொக்கற் இருந்தது. ஒரு மூலை ஒரு நூலளவு சரிவு. அதை அவள் பிரிக்கவில்லை. துணி இனித் தாங்காது.

வெள்ளி விடிய, நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு விஜிதரன் வீட்டுக்குப் போனாள். ஏதாவது கழன்றால் தைக்கலாம் என்ற எண்ணம். தாய் தங்கம்மா சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்ல காரியத்துக்குப் பழசைப் போடுறதோ பிள்ளை? மனம் கேக்குதில்லை."

"துணி பழசுதான் மாமி. சேட் நேற்றுத்தான் பிறந்தது. இன்னும் ஒருத்தரும் போடேல்லை."

தங்கம்மா சேட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தையல்களைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, புது உடுப்புக்கு வைப்பதுபோல, உள் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். "இப்ப சரி" என்று மகனிடம் நீட்டினார்.

விஜிதரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தங்கம்மா பழக்கத்தில் பின்னாலேயே போய்விட்டார். கதவில் கை வைத்துக்கொண்டு, "தம்பி, வரட்டே?" என்றார்.

"வேண்டாம் அம்மா."

தங்கம்மா கதவோடு நின்றார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார். "பதினைஞ்சு வரியம் பிள்ளை" என்று கௌசலாவிடம் மெதுவாகச் சொன்னார். "கோயிலுக்கோ கந்தோர் அலுவலுக்கோ அவன் சேட் போடுற நாளையிலை மட்டும்தான் அவன்ரை முகத்தைக் கிட்ட நிண்டு பாக்கிறனான். மற்ற நேரம் எங்கை நிக்கிறான்?"

கௌசலா தெறியை யோசித்திருந்தாள், மணிக்கட்டை யோசித்திருந்தாள். இதை யோசிக்கவில்லை.

கதவு திறந்தது. விஜிதரன் அடையாள அட்டையை வலது நெஞ்சுப் பொக்கற்றில் இடக்கையால் செருகிக்கொண்டு வந்தான். ஒரு இழுபறியும் இல்லை. தெறிகள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தன, மேலே கழுத்துத் தெறி ஒன்றைத் தவிர. நேரே வந்து தாய்க்கு முன்னால் நின்று கொஞ்சம் குனிந்தான்.

"அம்மா, இது ஒண்டு மட்டும் ஏலாமல் கிடக்கு."

நேற்றுக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றவன் இவன்தானே! ஒரு தள்ளுக்குப் போகிற தெறி அல்லவா அது! கௌசலா கேட்க வாயைத் திறந்தாள். தங்கம்மாவின் இரண்டு கையும் கொலருக்குப் போய்விட்டிருந்தன. மகனின் முகத்தைக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டு, தேவைக்கு மேலால் நேரம் எடுத்து, அந்த ஒரு தெறியை அவர் பூட்டிக்கொண்டிருந்தார். கௌசலா வாயை மூடிக்கொண்டு, நூலையும் ஊசியையும் தன் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டாள்.